ஐரீன் ஹால்க்ரோவின் குழாய்

மனிடோபா மாகாணத்தில், ஏரிக்கரையோரம் இருந்த அந்தக் காசநோய் மருத்துவமனையை மூடி ஐம்பது வருடங்களாகிவிட்டன. ஜனவரி மாதத்து ஒரு காலையில் நோரா ட்வெர்டால் அங்கே வந்து இறங்கினாள். காசநோய்க் கிருமிகளை ஆராய்பவள். 1941-இல் நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்த கிருமிகள் அடைத்த கண்ணாடிக் குழாய்கள் நிலவறையில் இன்னும் கிடப்பதாகத் தகவல். மருந்துக்கு அடங்காத இன்றைய கிருமிக்கும் அவற்றுக்கும் என்ன உறவு என்று அவள் பார்க்க வேண்டும்.

"செத்தவங்க கடிக்க மாட்டாங்க, டாக்டர். எலிதான் கடிக்கும்," என்று சிரித்தபடி சாவியைக் கொடுத்தார் காவலாளி கால்வின். ஆனால் அவர் படியிறங்கவில்லை.

நிலவறையில் ஜன்னலே இல்லை. பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. டார்ச் வெளிச்சத்தில் நோரா குழாய்களை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். ஒன்றில் மங்கிய மையில் எழுதியிருந்தது: ஐரீன் ஹால்க்ரோ, வயது 19.

முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"சளி பிடிச்சிருக்கா, கால்வின்?"

"நான் மேலேதானே நிக்கிறேன்!" படிக்கட்டின் உச்சியிலிருந்து குரல் வந்தது.

மறுபடியும் இருமல். நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வரும் ஈர இருமல். பிறகு காதோரம் ஒரு கிசுகிசுப்பு.

"ஜன்னலைச் சாத்துங்களேன்... குளிருது."

அந்தக் காலத்தில் இந்நோய்க்கு மருந்து கிடையாது. சுத்தமான காற்றுதான் வைத்தியம் என்று, கொட்டும் பனியிலும் நோயாளிகளைத் திறந்த ஜன்னலோரம் படுக்க வைத்தார்கள். நோராவுக்கு அது தெரியும். அவள் ஓடவில்லை. குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"வா. கதகதப்பான இடத்துக்குப் போகலாம்," என்றாள், தன்னையறியாமல்.

இருமல் நின்றது.

வின்னிபெக் ஆய்வகத்தில், உடம்புச் சூடு மாறாத பெட்டிக்குள் வைத்து எல்லாவற்றையும் வளரவிட்டாள். ஆறு வாரம் ஆயிற்று. மற்றக் கிருமிகள் எல்லாம் எப்போதோ செத்துப்போயிருந்தன. ஐரீனுடையது மட்டும் வெளிர்மஞ்சளாய்ப் பொருக்குப் பொருக்காக முளைத்திருந்தது.

அந்த வாரமே நோராவுக்கு உடம்பு இளைக்கத் தொடங்கியது. பயந்துபோய் டாக்டர் பெலாஞ்சேயிடம் ஓடினாள். எக்ஸ்ரேயிலும் சளிப் பரிசோதனையிலும் எந்தக் குறையும் இல்லை.

"ஒண்ணுமே இல்ல. வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க," என்றவர், எதற்கும் இருக்கட்டுமென்று ஸ்டெதாஸ்கோப்பை அவள் முதுகில் வைத்தார். "மூச்சை அடக்குங்க."

அடக்கினாள்.

"நோரா, அடக்குங்கன்னு சொன்னேன்."

அவள் உதடுகளை இறுக்கி, மூக்கையும் விரல்களால் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"மூச்சுச் சத்தம் இன்னும் கேக்குதே," என்றார்.