ஒரு நூல் கூடுதல்

எங்கள் தச்சுப் பட்டறையிலிருந்து ஆடும் நாற்காலி ஒன்றுகூட வெளியே போனது கிடையாது. மூட மறுக்கும் கதவு போனது கிடையாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் உண்மையும்கூட.

அப்படிப்பட்ட பட்டறையில் அன்று மாலை ஓர் இழுப்பறை அலமாரிக்குள் போக மறுத்தது.

என் தம்பி அதைத் தள்ளினான். போகவில்லை. உள்ளங்கையால் தட்டினான். போகவில்லை. முழங்காலை வைத்து அழுத்தப் போனவன், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

“ஒரு நூல் கூட இருக்கு,” என்றான்.

நூல் என்பது தச்சர்கள் சொல்லும் அளவு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. பார்க்கச் சிறியது. ஆனால் இழுப்பறையை வாசலிலேயே நிறுத்திவைக்க அது போதும்.

அலமாரியைச் செய்யச் சொன்னவர் கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். சின்னச் சின்னப் பற்சக்கரங்களைப் பிரித்துவைக்க அவருக்கு நிறைய இழுப்பறைகள் தேவை. கடையை மூடியதும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மற்ற இழுப்பறைகள் எல்லாம் விரலால் தொட்டாலே உள்ளே போயின. அடியில் இருந்த கடைசி ஒன்றுதான் முரண்டு பிடித்தது.

அது ஒன்றுதான் புது அளவுகோலால் அளந்து செய்தது.

அந்த அளவுகோலைக் கொண்டுவந்தவள் தம்பியின் மூத்த மகள். அவளைப் பெரியவள் என்போம். ஒரு வருடம் வேறோர் ஊர்ப் பட்டறையில் வேலை பழகிவிட்டுத் திரும்பியவள், சேர்த்த சம்பளத்தையெல்லாம் போட்டு ஒரு பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே மெத்தை வைத்த பெட்டி. அதில் ஓர் எஃகு அளவுகோல், ஒரு மூலைமட்டம், தலைமுடியின் தடிமனைக்கூட எண்ணாகக் காட்டும் ஒரு கருவி.

விலையைக் கேட்டதும் தம்பி சொன்னான்: “மெத்தையில வேற படுக்க வெச்சிருக்கு. தாலாட்டுப் பாடணுமா?”

ஆனாலும் மகள் கெஞ்சியதால் கடைசி இழுப்பறைக்கு அந்தக் கோலையே எடுத்தான். பெரியவள் அலமாரிக்குள் தலையை விட்டு அளந்து எண்ணைச் சொன்னாள். அதே கோலைப் பலகைமேல் வைத்துத் தம்பி குறித்தான், அறுத்தான். இப்போது இழுப்பறை வெளியே நிற்கிறது.

“அப்பா, நீங்க கூடுதலா வெச்சு அறுத்திருக்கீங்க,” என்றாள் பெரியவள்.

“நானா? வந்து பாரு. கோட்டு மேலயே ரம்பம் போயிருக்கு. பென்சில் தடம்கூட அழியலை.”

“அப்போ கோட்டைத் தள்ளிப் போட்டிருக்கீங்க.”

“நீ சொன்ன எண்ணு, உன்னோட கோலு. என் கை தப்பாது. உன் கோல்தான் பொய் சொல்லுது.”

“அந்தக் கோல் பொய் சொல்லாதுப்பா.”

“அப்போ நான் பொய் சொல்றேனா?”

பட்டறை மூலையில் இருந்த இளையவள் மெல்ல வாயைத் திறந்தாள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். காதருகே வந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் அவளுக்குக் கொசு என்று பெயர்.

“ஓரத்தை இழைச்சுட்டா உள்ள போயிடாதா?”

“பொருத்து மெலிஞ்சிடும்,” என்றேன் நான். “ஒப்பேத்தின வேலை இந்த வாசலைத் தாண்டாது.”

அதே நிறத்தில் இன்னும் ஒரே ஒரு பலகைதான் மிச்சம் இருந்தது. தம்பி அதை மேசைமேல் தூக்கிப் போட்டான்.

“நம்ம பழைய மரக்கோலை எடு. நானே அளந்து நானே குறிக்கிறேன். அந்தப் பெட்டியை மூடு. காலையில கடையில திருப்பிக் குடுத்துட்டு வந்துடு.”

பெரியவள் குரலை உயர்த்தவில்லை. “பெட்டி போனா நானும் போறேன்ப்பா. அந்தப் பட்டறையில என் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு.”

“போ,” என்றான் தம்பி. சொன்ன பிறகு அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

கொசுவின் முகத்தையும் பார்த்தேன். அக்கா ஊரில் இல்லாத அந்த ஒரு வருடம் அவள் ஒன்றுமே கேட்கவில்லை. கொசு சத்தம் போடாவிட்டால் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று எங்களுக்கு அப்போது தெரிந்தது.

பெரியவள் ஏப்ரனை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தாள். கொசு எஃகுக் கோலை எடுத்துக்கொண்டாள்.

“அக்கா, மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் அளந்து பாக்கட்டுமா?”

“பாரு. துடைச்சுக் குடு.”

கொசு ஒரு துண்டுப் பலகையைத் தரையில் வைத்து ஆறு அங்குலத்துக்குக் குறித்தாள். கோலை எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். ஆறு அங்குலம், ஒரு நூல்.

அப்பா சொன்னது சரிதானா? கோல் பொய்தான் சொல்கிறதா?

இன்னொரு தடவை குறித்தாள். இம்முறை கோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு பென்சில் முனையையே உற்றுப் பார்த்தாள். முனை சரியாக ஆறின்மேல் போய் நின்றது. பிறகு, யாரோ தள்ளியதுபோல, கொஞ்சம் நகர்ந்து கோடு போட்டது.

கோல் அசையவில்லை. அசைந்தது அவளுடைய கட்டைவிரல்.

அவள் மேசையருகே போய், பழைய மரக்கோலின் பக்கத்தில் புதுக்கோலை வைத்துப் பார்த்தாள். மரக்கோலின் நுனி தேய்ந்து, ஒரு நூல் குறைந்திருந்தது.

அது எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதனால்தான் அளக்கும்போது ஒரு நூல் குறைத்துச் சொல்வோம், குறிக்கும்போது பென்சிலை ஒரு நூல் தள்ளி வைப்போம். அப்படி வைத்து வைத்து, வைக்கிறோம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. தம்பியைப் பார்த்துப் பென்சில் பிடிக்கப் பழகிய கொசுவுக்கும் அது வந்துவிட்டது. வெளியே வேலை பழகிய பெரியவளுக்கு மட்டும் விட்டுப்போயிருந்தது.

வாசலில் செருமல் கேட்டது. கடிகாரக்காரர்.

நான் போய் வாசலை அடைத்தாற்போல் நின்றுகொண்டேன்.

“உள்ள வரலாமா?”

“வேலை நடக்குது. முடிஞ்சதும் கூப்பிடறேன்.”

“நேரம் என்ன ஆகுது தெரியுமா?”

“அதை நீங்க எங்களைக் கேக்கலாமா?”

அவர் முணுமுணுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். நான் ஒரு கண்ணை உள்ளே வைத்திருந்தேன்.

கொசு அக்காவைப் பார்த்து வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். அக்காவிடம் சொன்னால் அக்கா, ‘பாத்தீங்களா?’ என்பாள். வாசலில் வெளியாள் வேறு. அப்பா தலை குனிந்து நின்று அவள் பார்த்ததில்லை, பார்க்க ஆசையும் இல்லை. இதெல்லாம் பிறகு அவளே சொன்னது.

அவள் நேரே அப்பாவிடம் போனாள். அவன் மரக்கோலைக் கையில் எடுத்துவிட்டிருந்தான்.

“அப்பா.”

“இப்ப வேண்டாம், கொசு.”

“என் கை ஏதோ தப்பு பண்ணுதுப்பா. ஆறு குறிச்சா ஒரு நூல் கூடுது. நீங்க பாருங்களேன்.”

தம்பி எரிச்சலோடு குனிந்தான். அவள் எஃகுக் கோலை வைத்துக் குறித்துக் காட்டினாள்.

“ஏன் தள்ளுறே? எண்ணுக்கு நேரா வையேன்.”

“வெச்சா தானா நகருது. நீங்க வெச்சுக் காட்டுங்க.”

அவன் பென்சிலை வாங்கினான். ஆறின்மேல் வைத்தான். கட்டைவிரல் நகர்ந்தது. கோடு விழுந்தது.

அவன் கை அப்படியே நின்றது. இன்னொரு தடவை வைத்தான். மறுபடி நகர்ந்தது. மரக்கோலின் நுனியை விரலால் தடவினான். பிறகு மகளைப் பார்த்தான். அவள் ஒன்றும் தெரியாதவள்போல் பென்சில் சீவலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பெரியவளே,” என்று கூப்பிட்டான்.

பெரியவள் திரும்பவில்லை.

“உன் கோல் சரிதான். தள்ளினது என் கை.”

தெருவரை கேட்கும் குரல். கடிகாரக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். எங்கள் குடும்பத்துக்கு அதில் ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

பெரியவள் மெல்லத் திரும்பினாள். துண்டுப் பலகையில் இருந்த கோடுகளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மரக்கோல்லயே குறிங்கப்பா. அதுலயும் சரியாத்தான் வரும். உங்க கைக்கு அது பழக்கம்.”

“என் கைக்கு மட்டும்தான் பழக்கம். உனக்கு எப்படி வரும்? வா, உன் கோலை எடு. நீ குறி, நான் அறுக்கிறேன்.”

கடைசிப் பலகை. பெரியவள் குறித்தாள். அவள் விரல் அசைகிறதா என்று கொசு குனிந்து பார்த்தாள். அசையவில்லை. ரம்பம் கோட்டில் இறங்கியது. அது மறுபக்கம் வரும்வரை எங்களில் ஒருவர்கூட மூச்சு விட்டதாக நினைவில்லை. பொருத்துகளைச் செதுக்கிச் சேர்க்க நேரம் பிடித்தது. கடிகாரக்காரர் தன் கடிகாரத்தை எங்களுக்குத் தெரியும்படி நாலைந்து தடவை பார்த்தார்.

“கொசு, நீ தள்ளு,” என்றான் தம்பி.

அவள் ஒரு விரலை வைத்தாள். இழுப்பறை சத்தமில்லாமல் உள்ளே போனது. முடிவில், உள்ளே இருந்த காற்று மெல்லப் பெருமூச்சு விட்டு வெளியேறியது. அவ்வளவு சரியான பொருத்து.

கடிகாரக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் ஓரமாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எதிலும் குறை கண்டுபிடிக்கிறவர் அவர். ஆள் வைத்து அலமாரியைத் தூக்கிக்கொண்டு போனார்.

“அப்பா, உங்க கை இன்னும் தள்ளுதா?” என்றாள் கொசு.

தம்பி துண்டுப் பலகையில் போட்டுப் பார்த்தான். “தள்ளுது. உன்னோடது?”

அவளும் போட்டாள். “தள்ளுது.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பெரியவள் வந்து அப்பாவின் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். அதைத் தன் காதில் செருகிக்கொண்டு, மடித்துவைத்த ஏப்ரனை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டாள்.