மயிலாள் சொன்ன குறை

1966 நவம்பர் 19, சனிக்கிழமை. பிற்பகல் 3.30.

மண்ணரைச் சாலையில் பனியன் கம்பெனி நடத்தும் செங்கோட்டையன் தம் அறையிலிருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். மேல் தட்டு காலி. லைசென்ஸுக்கு ஆறு மாதம் அலைந்து, ஜெர்மனியிலிருந்து வரவழைத்த பின்னல் மெஷின் ஊசிகள் ஐந்நூறு. காகிதக் கட்டுகளாக அடுக்கி வைத்திருந்தவற்றில் ஒன்றுகூட இல்லை.

2.45-க்கு அவரே எண்ணிப் பார்த்துப் பூட்டிவிட்டுச் சலவைக் களத்துக்குப் போயிருந்தார். பூட்டு உடையவில்லை. மாற்றுச் சாவி மேஜை இழுப்பறையில் வைத்தது வைத்தபடி கிடந்தது. அந்த இழுப்பறையில் சாவி இருப்பது கம்பெனிக்கே தெரியும். பெரிய ரகசியம்தான்!

3.10-க்கு மெஷின் பிட்டர் சென்னிமலை அந்த அறையிலிருந்து வெளியே வந்ததை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

"உள்ள எதுக்குப் போனே?"

"ஊசி கேக்கத்தானுங்க. நாலாம் நம்பர் மெஷின்ல ஊசி ஒடஞ்சுருச்சுங்க. நீங்க இல்லைன்னு திரும்பி வந்துட்டனுங்க."

"பீரோவைத் தொட்டியா?"

"இல்லீங்க, மொதலாளி. என்ற கொழந்தைக மேல சத்தியமுங்க."

செங்கோட்டையன் கெட்டவர் அல்ல. ஆனால் கோபம் வந்தால் காது கேட்காது. "நாளைக்குப் பன்னண்டு மணி வரைக்கும் டைம். ஊசி வரலைன்னா போலீஸ்" என்று சொல்லிவிட்டார்.

அன்று விடுப்பில் இருந்த ஸ்டோர்கீப்பர் கிட்டுசாமியையும் அவர் விட்டுவைக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு நாலு மைல் தள்ளியிருந்த அவர் ஊரான வேலம்பாளையத்திலிருந்து ஆள்விட்டு அழைத்துக் கேட்டார். கிட்டுசாமி பதறவில்லை. "நான் மத்தியானம் ஊட்ல படம் எடுத்துட்டு இருந்தனுங்க. நாளைக்கு நம்ம போட்டோக் கழகத்துக்குக் கொண்டுட்டு வாரேன், நீங்களே பாருங்க" என்றார்.

ஞாயிறு, காலை 10.30.

ஆறுச்சாமியின் போட்டோ ஸ்டூடியோ மாடியில் புகைப்பட அன்பர் கழகம் கூடியது. தலைவர் சாட்சாத் செங்கோட்டையனேதான். மனிதருக்குப் பனியனுக்கு அடுத்தபடி பைத்தியம் கேமரா. கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர்கள் தங்கள் படத்தைக் கொடியில் கவ்வி போட்டு மாட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நிறை, ஒரு குறை சொல்ல வேண்டும். வெறுமனே 'பிரமாதம்' என்றால் விடமாட்டார்கள்.

கிட்டுசாமியின் படம் நடுவில் தொங்கியது. கறுப்பு வெள்ளை. மேஜைமேல் ஒரு நூல் கோன், ஒரு பித்தளைச் சொம்பு, எண்களுக்குப் பதில் கோடுகள் மட்டும் போட்ட புது மாதிரி டைம்பீஸ் ஒன்று. முன்னால், முனை எதிர்ப்புறம் பார்க்க, வாய் பிளந்து கிடந்தது ஒரு கத்திரி. அதன் இடது அலகு வலது அலகின்மேல் ஏறியிருந்தது. வலப்பக்கத்து ஜன்னலிலிருந்து வெயில் விழுந்து, எல்லாவற்றுக்கும் நீள நீளமாக நிழல் போட்டிருந்தது. டைம்பீஸில் மணி மூன்று பத்து.

"சொம்புமேல வெளிச்சம் பாருங்க, தண்ணி மாதிரி வழியுது" என்றார் ஆறுச்சாமி. "குறைன்னு பாத்தா, கோன் கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம்."

செங்கோட்டையனுக்குப் பெருமை தாங்கவில்லை. "நெழல் நீளங்கூட மூணு மணிக்குச் சரியா இருக்குது. ஒரே சமயத்துல வேலம்பாளையத்துல படம் எடுத்துட்டு இங்க வந்து திருட முடியுமா? கிட்டுசாமி, நீ தப்பிச்சே."

கிட்டுசாமி அடக்கமாகச் சிரித்தார். பக்கத்துப் பெஞ்சில் அவருடைய பிரிண்ட் பேப்பர் பெட்டி இருந்தது. இடம் பண்ணுவதற்காக ஆறுச்சாமி அதைத் தூக்கப் போனார்.

"அண்ணா, வேண்டாம்! தொறந்துகிறந்து போச்சுன்னா பேப்பர் பூராம் கெட்டுப் போயிரும்" என்று கிட்டுசாமி பாய்ந்து வாங்கித் தம் காலடியில் வைத்தார். வைக்கும்போது உள்ளே 'சலக்' என்றது. ஒரு மணி ரயிலில் கோயமுத்தூருக்குப் போய்ப் ஸ்டூடியோ ஒன்றில் பெரிய அளவில் பிரிண்ட் போட வேண்டுமாம்.

11.10.

படியேறி மயிலாள் வந்தாள். சென்னிமலையின் மனைவி. அதே கம்பெனியில் பத்து வருடமாகப் பிசிறு வெட்டுகிறாள். தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலையெல்லாம் கத்தரித்து எடுப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு நானூறு பனியன் அவள் கைவழியே போகும். ஒரு பிசிறு தப்பாது. கணவனைக் கீழே படியோரம் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"என்னம்மா?" என்றார் செங்கோட்டையன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"என்ற கத்திரிய வாங்கிட்டுப் போலாமுன்னு வந்தனுங்க. வெள்ளிக்கெழம சாயங்காலம் படம் எடுக்கோணும்னு கிட்டுசாமியண்ணன் வாங்கிட்டுப் போனாருங்க."

கிட்டுசாமி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கட்டைவிரலில் கொப்புளம் வராமலிருக்க வளையத்தில் பனியன் நாடா சுற்றியிருந்த கத்திரி. மயிலாள் அதை வாங்கினாள். போகவில்லை. கொடியிலிருந்த படத்தைப் பார்த்தாள். கண் அங்கேயே நின்றுவிட்டது.

"படம் புடிச்சிருக்குதா, மயிலா?" என்று ஆறுச்சாமி விளையாட்டாகக் கேட்டார். "நீயும் ஒரு நிறை, ஒரு குறை சொல்லு."

"நானுங்களா?" அவள் கிட்டுசாமி பக்கம் திரும்பினாள். "ஏனுங்ணா, இது என்ற கத்திரிதானுங்களே?"

"அதேதான். நாடா சுத்தியிருக்குது பாரு."

"எப்ப எடுத்தீங்க?"

"நேத்து மூணு பத்துக்கு. மணிதான் தெரியுதே."

"அந்த மணி சரியான மணிதானுங்களா?"

"ரேடியோ செய்தி கேட்டு வெச்சது. ஒரு நிமிஷம் முன்னப்பின்ன போகாது."

"அப்பச் சரிங்க. கொறைய மட்டும் சொல்லிப் போடறேன்" என்றாள் மயிலாள்.

கத்திரியை விரித்து, முனை எதிர்ப்புறம் பார்க்கப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

"மொதலாளி, எந்த அலகு மேல இருக்குதுங்க?"

"வலது."

கத்திரியைப் புரட்டிப் போட்டாள். "இப்பங்க?"

"இப்பவும் வலதுதான்." செங்கோட்டையன் குனிந்து பார்த்தார். "அட, ஆமா!"

"சோத்துக்கையில புடிக்கற கத்திரி எப்படிப் போட்டாலும் அப்படித்தானுங்க. பத்து வருசமா இதையேதான் புடிச்சிட்டு இருக்கறேன். படத்துல பாருங்க. இடது அலகு மேல ஏறிக் கெடக்குது. இந்த உலகத்துல என்ற கத்திரி அப்படிக் கெடக்கவே கெடக்காதுங்க."

 கோனையும் சொம்பையும் அரைமணி நேரம் அலசிய அன்பர்கள் கத்திரியைப் பார்க்கவே இல்லையே!

முதலில் அசைந்தவர் ஆறுச்சாமி. மேக்கப் அறையிலிருந்த முகக்கண்ணாடியைக் கொண்டுவந்து படத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடிக்குள் கத்திரி ஒழுங்காகக் கிடந்தது. வெயில் இடப்பக்கமிருந்து விழுந்தது. டைம்பீஸில் மணி எட்டு ஐம்பது.

"நெகடிவைப் பக்கம் மாத்திப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கறான்!" என்று ஆறுச்சாமி கத்தினார். "நம்பர் போட்ட கடிகாரமா இருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். காலைல ஒம்பதுக்கும் மத்தியானம் மூணுக்கும் நெழல் ஏறக்குறைய ஒரே நீளந்தானுங்க, மொதலாளி. அதான் நாமளும் ஏமாந்துட்டோம்."

கிட்டுசாமி அவசரமாகக் குறுக்கிட்டார். "தெரியாம மாறிப் போச்சுங்க..."

"மாறிப் போச்சுன்னா, நெசமா எடுத்தது எட்டு அம்பதுக்குங்களே?" என்றாள் மயிலாள். அவள் குரல் உயரவே இல்லை. "மூணு பத்துக்கு எடுத்தேன்னு நீங்கதான சொன்னீங்க? மணியும் தப்பாதுன்னீங்க. காலைல நல்ல மனசோட படம் எடுத்திருக்கறீங்க. மத்தியானம் பொறவாசல் வழியா கம்பெனிக்குள்ள வந்திருப்பீங்க. சாயங்காலம் மொதலாளி கேட்டதும், மூணு மணிக்கு ஊட்ல இருந்ததுக்கு என்ன காட்டறதுன்னு ரோசன பண்ணியிருப்பீங்க. நெகடிவைத் திருப்புனா மணியும் திரும்புதே!"

"எட்டு அம்பதுக்கு எடுத்தா திருடன்னு அர்த்தமா? ஊசி எங்கிட்ட எங்க இருக்குது?" என்று கிட்டுசாமி சீறினார்.

"பேப்பர் பெட்டிக்குள்ளதானுங்க. நான் படியேறி வாரப்பவே கேட்டுது. காயிதம் 'சலக்'குன்னு சத்தம் போடுமுங்களா?"

"தொறக்கக் கூடாது! வெளிச்சம் பட்டா..."

செங்கோட்டையன் எழுந்தார். "வெளிச்சம் எதுக்கு? ஆறுச்சாமி, இருட்டறைக்குக் கொண்டுட்டு வாங்க. செவப்பு வெளக்குல தொறந்தா ஒண்ணும் கெடாது."

11.40.

சிவப்பு விளக்கின் கீழ் பெட்டி திறந்தது. மேலே நாலைந்து தாள். தாளுக்கடியில் காகிதக் கட்டுகள். ஒன்று பிரிந்து, ஊசிகள் சிதறிக் கிடந்தன. செங்கோட்டையன் எண்ணினார். ஐந்நூறு.

வெளிநாட்டுக் கேமரா ஒன்றின்மேல் கிட்டுசாமிக்கு ரொம்ப நாளாகக் கண். பற்றாக்குறைக் காலத்தில் ஊசிக்குக் கோயமுத்தூரில் கேட்ட விலை கிடைக்கும். அவர் அழுதுகொண்டே சொன்னது அவ்வளவுதான்.

12.00.

செங்கோட்டையன் காலையிலேயே சொல்லி வைத்திருந்தபடி சப்-இன்ஸ்பெக்டர் அர்த்தநாரி படியேறி வந்தார். "யாருங்க சென்னிமலை?"

"சென்னிமலை என்ற பிட்டருங்க. நீங்க கூட்டிட்டுப் போக வேண்டிய ஆள் இவரு" என்று செங்கோட்டையன் கிட்டுசாமியைக் காட்டினார். அப்புறம் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார். படியோரம் குந்தியிருந்த சென்னிமலையின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தப்புப் பண்ணிட்டேன்பா. மனசுல வெச்சுக்காதே. இனிமே பீரோச் சாவி உங்கிட்டத்தான்."

சென்னிமலை மாடியைப் பார்த்தான். மயிலாள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் கல்போல நின்றவளுக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி ஆறுச்சாமி குரல் கொடுத்தார். "மயிலா! கழகத்துல ஒரு சட்டம் இருக்குது. குறை சொன்னீன்னா நிறையும் சொல்லியாகோணும்."

மயிலாள் கத்திரியை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளிச்சம் நல்லா உழுந்திருக்குதுங்ணா. காலை வெயிலுங்களே!"