உப்பு இளவரசியின் குடை

அந்தக் காலத்தில் பினாங்குக்கு பங்சாவான் என்னும் மலாய் நாடகக் கூட்டம் வந்துவிட்டால், குயின் ஸ்திரீட் பிள்ளைகளுக்கு ஒரு மாதத்துக்குச் சோறு தூக்கம் வேண்டாம். எந்த ஊர்க் கதையையும் எடுத்துக்கொள்வார்கள். வசனத்தை மேடையில் நின்றபடியே இட்டுக்கட்டி வெளுத்து வாங்குவார்கள்.

"நம்மளும் ஒண்ணு போடுவோம் லா!" என்று பினாங்கு வழக்கப்படி 'லா' போட்டுச் சொன்னாள் பத்து வயது புஷ்பவள்ளி.

நாடகத்தை நடத்துபவள் அவள்தான். இளவரசியும் அவள்தான். வேறு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள்.

எடுத்துக்கொண்டது, ஊரிலிருந்து கப்பலில் வந்த ஒரு பழைய கதை. உப்பால் ஆன ஓர் இளவரசி, தண்ணீர் பட்டால் கரைந்துவிடுவாள். அது தெரியாத பிள்ளை தெருவில் இல்லை. முதலில் சொன்னவர் யார் என்று தெரிந்தவரும் இல்லை.

புஷ்பவள்ளி அதில் கொஞ்சம் கைவைத்தாள். அவளுடைய இளவரசி பினாங்குக்கு வருகிறாள். இங்கேதான் நினைத்தபோதெல்லாம் மழையாயிற்றே! அதனால் கையில் குடை, ஏறிப்போக ரிக்‌ஷா. காலித் தேயிலைப் பெட்டியில் கயிறு கட்டினால் ரிக்‌ஷா. இழுப்பவள் அடுத்த வீட்டு ரொஸ்னா.

"காலையில எத்தனை தோசைடி தின்னே?" என்று மூச்சு வாங்கினாள் ரொஸ்னா.

"இளவரசியை அப்படியெல்லாம் கேக்கக் கூடாது."

திரை, எதிர்வீட்டு ஜெயராஜின் போர்வை. சனிக்கிழமை மாலை கொல்லைப்புறத்தில் இருபது பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முகமெல்லாம் அரிசி மாவு அப்பிக்கொண்டு புஷ்பவள்ளி பெட்டியில் ஏறினாள். திரையை இழுக்க நின்ற ஜெயராஜ் அவளை முறைத்தான்.

"குடை எதுக்கு?"

"மழைக்கு."

"அப்ப அவ கரைய மாட்டாளா?"

"ஏன் கரையணும்? பத்திரமா வீட்டுக்குப் போய் மீ கோரேங் சாப்பிடுவா."

முன்வரிசை சிரித்தது. ஜெயராஜ் போர்வையைக் கயிற்றிலிருந்து உருவிக்கொண்டான்.

"இது எங்க அம்மா கதை. நீ கெடுக்கிறே. போர்வை கிடையாது, போ!"

'கதையில உங்க அம்மா பேரா எழுதியிருக்கு?' என்று புஷ்பவள்ளிக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவன் உதடு துடித்தது. அவள் வந்ததை விழுங்கினாள். கூடவே கொஞ்சம் மாவும் உள்ளே போயிற்று.

"உங்க அம்மா எப்படிச் சொல்வாங்க?"

"கடைசியில அவ கடல்ல இறங்கிக் கரைஞ்சிடுவா. அதான் கடல் உப்பு." ஜெயராஜ் போர்வையைச் சுருட்டினான். "அப்பாவும் நானும் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுனப்ப அம்மா சொன்னாங்க. 'என் ஞாபகம் வந்தா, பினாங்குக் கடலைத் தொட்டு நாக்குல வச்சுக்கோ. அது இங்கேருந்து நான் அனுப்பினது'ன்னு. குடை புடிச்சா அவ எப்படிடீ கரைஞ்சு இங்க வருவா?"

புஷ்பவள்ளி குடையைப் பார்த்தாள். ஐந்து நாள் யோசித்துக் கண்டுபிடித்த குடை. அதை விடுவது பல்லைப் பிடுங்குவதுபோல் இருந்தது. பிறகுதான் தோன்றியது, விடவே வேண்டாமே!

"குடையும் இருக்கட்டும், கடலும் இருக்கட்டும். நீ கரையில நின்னு இளவரசியைக் கூப்பிடு."

"என்ன வசனம்?"

"பங்சாவான்ல யாரு எழுதி வச்சுப் பேசுறா? நீயே பேசு லா!"

போர்வை மறுபடி கயிற்றில் ஏறியது. நாடகம் தொடங்கியது. ரிக்‌ஷா தடதடவென்று கடற்கரைக்கு வந்தது. கொடியிலிருந்து உருவி அங்கே விரித்த நீலச் சேலைதான் கடல்.

"இளவரசி! இந்தக் கரையில ஒரு புள்ள இருக்கு. அவங்க அம்மா அந்தக் கரையில..." ஜெயராஜ் சேலையின் மறுபக்கத்தைக் கைகாட்டினான்.

புஷ்பவள்ளி குடையை மடக்கி ரொஸ்னாவிடம் நீட்டினாள்.

"இது இனி எனக்கு வேணாம். நான் ரெண்டு கரையையும் தொடப் போறேன்."

சேலைக்குள் மெல்ல இறங்கி மறைந்தாள். யாரும் சிரிக்கவில்லை. வெயிலிலேயே குடையை விரித்துக்கொண்டு ரொஸ்னா அழுதாள்.

ஜெயராஜ் எல்லாவற்றையும் அம்மாவுக்கு எழுதினான். ரிக்‌ஷாவைப் பற்றி என்ன சொல்வாளோ என்று ஒரு மாதம் பயந்தான். பதில் வந்த அன்று தெருவைத் தாண்டி ஓடிவந்து புஷ்பவள்ளிக்கும் ரொஸ்னாவுக்கும் படித்துக் காட்டினான்:

"கண்ணு, குடையும் ரிக்‌ஷாவும் நன்றாக இருக்கின்றன. உனக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் அம்மா எனக்குச் சொன்னபோது அது இளவரசன். உனக்குச் சொன்னபோது நான் இளவரசி ஆக்கினேன். கடலும் அந்தக் கதையில் இல்லை. நீ கப்பல் ஏறிய அன்றுதான் சேர்த்தேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயராஜின் தோளில் போர்வை ஏற்கெனவே தயாராக இருந்தது.

"அப்படின்னா இந்தச் சனிக்கிழமை நான்தான் இளவரசி," என்றாள் ரொஸ்னா, பெட்டியின் கயிற்றைப் புஷ்பவள்ளியின் கையில் திணித்து. "நான் எட்டு தோசை தின்னுட்டு வர்றேன்."