இன்ஜின் ஏறிடுச்சா டாக்டர்?

போன் அலறியது.

பல் டாக்டரின் வலது கையில் குறடு. இடது கை, நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் தாடையில். கடைவாய்ப் பல் ஒன்று பாதி வெளியே வந்து, மீதியும் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"வணக்கம் டாக்டர். பழைய இன்ஜினை இறக்கிட்டீங்க போலிருக்கே..."

வாயில் துணியைப் பொத்திக்கொண்டு பேசும் ஆண் குரல்.

"யாரு நீங்க?"

"அது எதுக்கு? புது இன்ஜின் ஏறி, வண்டி ஓடற நிலைமைக்கு வந்ததும் நான் எடுத்துக்கறேன். அவசரமே இல்லை. வேலையைச் சுத்தமா முடிங்க."

வைத்துவிட்டான்.

டாக்டர் அதே அதிர்ச்சியில் பல்லைப் பிடுங்கினாள். நாற்காலிக்காரர் முனகக்கூட இல்லை. பயத்தில் வலியை மறந்திருந்தார்.

அந்த வண்டி...

இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேற்கூரை இல்லாத, டாக்டரைவிட வயதான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதில் இன்ஜின் முன்னால் இல்லை, சீட்டுக்குப் பின்னால். அந்த இன்ஜின் இறுகிப்போய் உயிரை விட்டபிறகு, பிணத்தைத்தான் அவள் வாங்கினாள். அதற்காகச் சொந்த வீடு வாங்கும் யோசனையைக் கைவிட்டாள். கிளினிக் இல்லாத நேரமெல்லாம் வாடகைக் கொட்டகையில், அதன் அடியில்தான் கிடந்தாள். அம்மா அவளைப் பார்க்க வேண்டுமென்றால் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

ஊரில் ஏற்கெனவே இரண்டு பழைய கார்கள் காணாமல் போயிருந்தன. இரண்டும், புதுப்பித்து முடித்த கையோடு! இரண்டாவது வண்டிக்குக் காவலிருந்த வாட்ச்மேன் மண்டை உடைந்து இன்னும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

திருடனின் கணக்கு எளிமையானது. ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டா போக முடியும்?

இன்ஸ்பெக்டர் புகாரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். தேதி விசாரித்துவிட்டு வருகிற திருடனை அவர் பார்த்ததில்லையாம்.

"உங்க ஃப்ரெண்ட்ஸ்ல யாரோ விளையாடறாங்க டாக்டர்."

வாசல் வரை வந்தபிறகுதான் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

பழைய இன்ஜின் இறங்கியது யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். லேத்துக்குத் தெரியும். வாத்தியாருக்குத் தெரியும்.

மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். லேத் பட்டறை வைத்திருப்பவன் லேத். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். பௌதிகம் நடத்துகிறவன் வாத்தியார். ஸ்பேனர் கேட்டால், ஸ்பேனர் ஏன் நீளமாக இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்பான். சம்பளமில்லாமல், டீயை மட்டும் நம்பி அவளுக்காக எண்ணெயில் குளிப்பவர்கள்.

இவர்களில் ஒருவனா?

மறுநாள் கொட்டகையில் லேத் ஒரு தடித்த அலுமினியத் தட்டை நீட்டினான். புது இன்ஜின் வேறொரு கம்பெனிக் காரிலிருந்து கழற்றியது. ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அப்படியே உக்காந்துடும் டாக்டர்" என்று அடித்துச் சொல்லி விற்றது. ஆனால் இன்ஜினின் போல்ட் ஓட்டைகள் ஒரு மாதிரி, கியர் பாக்ஸின் ஓட்டைகள் வேறு மாதிரி. இரண்டையும் பேச வைக்க நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் அந்தத் தட்டு. ஒரு பக்கம் இன்ஜினுக்கு, மறுபக்கம் கியர் பாக்ஸுக்கு. மயிரிழை விலகினாலும் கிளட்ச் கடித்துத் துப்பிவிடும்.

தட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. லேத் மீசையைத் தடவிக்கொண்டான்.

திருடனா இப்படி உழைப்பான்? டாக்டருக்குத் தன் மீதே வெறுப்பாக வந்தது. உடனே இன்னொரு எண்ணமும் வந்தது. வண்டி ஓட வேண்டும் என்று திருடனைவிட ஆசைப்படுகிறவன் யார்?

சாயந்திரம் போன்.

"பின்னாடி ஆயில் சீலை மாத்திட்டீங்களே... ரொம்ப நல்லது. பல பேர் சோம்பேறித்தனமா அதை விட்டுடறாங்க. அப்புறம் ஆயில் ஒழுகி கிளட்ச் வழுக்கும். மறுபடி இன்ஜினை இறக்கணும். எனக்கும் லேட் ஆகும்."

திருடன், புத்திமதி சொல்கிறான். அதுவும் சரியான புத்திமதி!

டாக்டர் ஒரு பொறி வைத்தாள்.

இன்ஜினை வெள்ளிக்கிழமைதான் ஏற்றப்போகிறோம் என்று லேத்திடம் தனியாகச் சொன்னாள். வண்டியை முதலில் பெயின்ட் அடிக்க அனுப்பப்போவதாக வாத்தியாரிடம் தனியாகச் சொன்னாள். திருடன் வெள்ளிக்கிழமை என்றால் லேத். பெயின்ட் என்றால் வாத்தியார். ராத்திரியெல்லாம், இருவரும் தப்பித்துவிட வேண்டுமே என்று புரண்டுகொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலையில் போன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கிளட்ச் பிளேட் புதுசா? பேஷ். அப்ப நாளைக்கே ஏத்திடுவீங்க."

வெள்ளிக்கிழமையும் இல்லை. பெயின்ட்டும் இல்லை!

நேரே கொட்டகைக்கு ஓடினாள். இருவரையும் நிற்க வைத்து, போன், பொறி, சந்தேகம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். லேத் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"என்னையா சந்தேகப்பட்டே?"

"ரெண்டு பேரையும்தான்டா."

"யாரை அதிகமா?" என்றான் வாத்தியார்.

"லேத்தை."

வாத்தியாரின் முகம் தொங்கியது. "ஏன், எனக்கு ஒரு கார் திருடற அளவுக்குக்கூடத் திறமை இல்லைன்னு நினைச்சியா?"

அன்று முழுக்க மூவரும் ஒட்டுக்கேட்கும் கருவி தேடினார்கள். டூல் பாக்ஸ், சீட்டுக்கு அடி, பல்பு ஹோல்டர், ஒன்று விடவில்லை. கிடைத்தது ஒரு பல்லி. அன்றிலிருந்து லேத் கொட்டகையிலேயே படுக்கையை விரித்தான்.

செயின் பிளாக்கில் தொங்கியபடி புது இன்ஜின் மெல்ல உள்ளே போனது. லேத் சங்கிலியை இழுக்க, வாத்தியார் கீழே படுத்துக்கொண்டு வழி சொல்ல, டாக்டர் பல்லுக்குள் வேர் தேடுகிற அதே பொறுமையோடு, கியர் பாக்ஸின் தண்டைக் கிளட்ச்சின் துளைக்குள் நுழைத்தாள். க்ளக். அந்தச் சின்னச் சத்தத்துக்கு மூன்று பேரும் கைதட்டினார்கள்.

சனிக்கிழமை ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தார்கள். சக்கரங்களைக் கழற்றி வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்திருந்ததால், கியர் போடவில்லை. நியூட்ரலில் இன்ஜின் பூனைபோல உறுமியது. டாக்டர் அழுதாள். கண்ணில் பெட்ரோல் பட்டுவிட்டது என்றாள்.

ஞாயிறு காலை சக்கரம் மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினார்கள். மூக்கு வாசலைப் பார்த்திருந்தது. ஷட்டரை ஏற்றினான் லேத்.

வாசலில் ஓர் ஆள். தலையில் முகத்தை முழுக்க மூடிய ஹெல்மெட். கையில் துப்பாக்கி.

"வரேன்னு சொல்லியிருந்தேனே டாக்டர்."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல், கிணற்றுக்குள்ளிருந்து போல வந்தது.

லேத் ஓரடி எடுத்து வைத்தான். துப்பாக்கி அவன் நெஞ்சை நோக்கித் திரும்பியது. டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த வாட்ச்மேன் ஞாபகத்துக்கு வந்தார். சாவியை எடுத்து நீட்டினாள்.

"விடு லேத்து. காரை மறுபடி செய்யலாம். உன்னைச் செய்ய முடியாது."

லேத் சுவரோரம் போய் நின்றான்.

"இன்னும் ஓட்டிக்கூடப் பாக்கலை," என்றாள் டாக்டர்.

"நான் பாத்துச் சொல்றேன்."

ஆள் ஏறி உட்கார்ந்தான். துப்பாக்கியை மடியில் வைத்தான். இன்ஜின் உயிர்பெற்றது. முதல் கியர். எதிரே திறந்த வாசல், வெயிலில் பளபளக்கும் காலித் தெரு.

ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

கார் சீறிக்கொண்டு...

பின்னால் பாய்ந்தது!

இன்ஜினை இறக்கி வைக்க அடுக்கியிருந்த பழைய டயர் குவியலில் தொம்மென்று மோதி, பந்துபோல எகிறி நின்றது. கியரைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டாவது கியர் போட்டான். மறுபடி டயர். துப்பாக்கி மடியிலிருந்து நழுவிக் காலடியில் எங்கோ போனது. ஹெல்மெட் ஸ்டியரிங்கில் மோதியது. பிடிவாதக்காரன், மூன்றாவது கியரையும் போட்டான். இன்ஜின் விக்கி அணைந்தது.

லேத்துக்கு மூன்றே தாவல். மேற்கூரை இல்லாத காரில் இது ஒரு வசதி. திருடனைக் காலரைப் பிடித்து அப்படியே மேலே எடுத்துவிடலாம்.

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

நெற்றிக்கு ஏறிய மூக்குக்கண்ணாடியோடு, ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர்!

டாக்டருக்கு எல்லாம் வரிசையாகக் கண்ணில் ஓடியது. இன்ஜினைத் தாங்கும் புது மவுண்டிங் ரப்பர் வாங்கினாள். அப்படியானால் பழைய இன்ஜின் இறங்கிவிட்டது. ஆயில் சீல் வாங்கினாள். இன்ஜின் தரையில் இருக்கிறது. கிளட்ச் பிளேட் வாங்கினாள், ஏறப்போகிறது. நேற்று ஆயில் டின் வாங்கினாள். கொட்டகைக்குள் எட்டிப் பார்க்காமலே, கல்லாவில் உட்கார்ந்தபடி எல்லாம் தெரிந்துகொண்டிருக்கிறார் மனிதர்.

"அது சரி, கார் ஏன் பின்னாடி போச்சு?" என்றான் லேத்.

வாத்தியார் ஏற்கெனவே காரின் பின்னால் குந்தியிருந்தான். ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். சுழலும் பெல்ட்டைப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

புது இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது! பழையது வலமாகச் சுற்றும், இது இடமாக. அப்படிச் சுற்றும் இன்ஜின்களும் உலகத்தில் உண்டு. ஓட்டைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தார்களே தவிர, எந்தப் பக்கம் சுற்றும் என்று பார்க்க மூவருக்கும் தோன்றவில்லை. கியர் பாக்ஸுக்கு என்ன தெரியும்? வந்த சுற்றைச் சக்கரத்துக்கு அனுப்பியது. உள்ளே கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைக் கழற்றி, எதிர்ப்பக்கம் மாட்டினால் சரியாகிவிடும்.

"அதுவரைக்கும் நாலு கியரும் பின்னாடி. ரிவர்ஸ் மட்டும் முன்னாடி."

"அப்ப இவர் ரிவர்ஸ் போட்டிருந்தா?"

"தப்பிச்சுப் போயிருப்பார். கொஞ்சம் மெதுவா."

இன்ஸ்பெக்டர் வந்தபோது கடைக்காரர் கைகள் கட்டப்பட்டு, டயர் மேல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் திருடனின் பயத்தைவிட ஏமாந்தவனின் கோபம்தான் அதிகமிருந்தது.

"அநியாயம் சார். இப்படி ஒரு இன்ஜினை யாராவது மாட்டுவாங்களா? உயிரே போயிருக்கும்!"

டாக்டர் கையுறையைக் கழற்றினாள்.

"குறை இருந்தா வாங்கின கடையிலதான் சொல்லணும். ஆனா ஓனர் ரொம்ப நாளைக்குக் கடைக்கு வரமாட்டாராம்."