மீன்குழம்பில் அரை மாத்திரை

"டாக்டர்... இவரு மூச்சு விடுதாரான்னு பாருங்க!"

பீர்மேடு பக்கத்து ஏலக்காய் எஸ்டேட்டின் சின்ன ஆஸ்பத்திரி. பெஞ்சில் மிக்கேல் சரிந்து கிடந்தான். முகம் ரத்தச் சிவப்பு. சட்டையெல்லாம் வாந்தி.

டாக்டர் ஜெஸ்னா ஓடி வந்து ட்ரிப்ஸ் ஏற்றினாள்.

கம்பவுண்டர் சுடலைமணி ஓடவில்லை. மதுவிலக்குப் பிரசங்கத்துக்கு மூன்று பொன்னாடை வாங்கியவர். துப்பறிபவர்கள் ஓட மாட்டார்கள்.

"விஷம்... போலீசுக்குச் சொல்லிட்டேன். ஜீப் கிளம்பிருச்சு."

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் மின்னல் வெட்டும். வெட்டவில்லை. மத்தியானம் மூணு மணி வெயில்.

மிக்கேலின் மனைவி கத்தரீனாளைச் சுடலைமணி முறைத்தார்.

"என்ன சாப்பிட்டான்?"

"மீன்கொழம்பு சார்."

"வச்சது யாரு?"

"நாந்தான். எங்க வீட்டுல வேற யாரு வைப்பா?"

"மடியில என்ன?"

மடியை அவிழ்த்து எடுத்தாள்.

மாத்திரை அட்டை! ஒன்று மட்டும் பாதி உடைந்திருந்தது.

"டாக்டர், தடயம்..."

ஜெஸ்னா வாங்கிப் பார்த்தாள்.

"குடிய நிறுத்துற மாத்திரை. இது உள்ள இருக்கப்போ ஒரு வாய் குடிச்சாலும் இப்படித்தான். ஆளுக்குத் தெரியாம கொடுத்தா உயிருக்கே ஆபத்து. யாரு தந்தது?"

"கம்பவுண்டர் சார்தான். டாக்டருக்குத் தெரிய வேண்டாம், தினம் அரை மாத்திரை கொழம்புல போடுன்னாரு. இன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன்."

சுடலைமணியின் பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் சுதாரித்துவிட்டார்.

"அப்ப குடிச்சிருக்கான்ல? குற்றவாளி அவனேதான்."

ஒரு மணி நேரம் கழித்து மிக்கேல் கண் திறந்தான்.

"குடிய விட்டு ஒரு மாசம் ஆச்சு டாக்டர். விட்டதுல இருந்து தூக்கமில்ல. செத்துரலாம்னே தோணுது."

கத்தரீனாள் அவன் கையைப் பிடித்தாள்.

"பின்ன வாயில வாடை அடிச்சுதே? அதுக்குத்தானய்யா மாத்திரையே வாங்குனேன்."

"அது அரிஷ்டம், ஆயுர்வேத மருந்து. தூக்கம் வரும்னு தந்தாக..."

ஜெஸ்னா நிமிர்ந்தாள்.

"அரிஷ்டத்துலயும் ஆல்கஹால் உண்டு. யாரு தந்தது?"

"டாக்டருக்கும் வீட்டுக்கும் சொல்லாதன்னாரு..."

மூவரும் திரும்பினார்கள்.

சுவரில் 'மனம் சோர்ந்தால் மருத்துவரிடம் பேசுங்கள்' போஸ்டர். தானே ஒட்டியதைச் சுடலைமணி முதல்முறையாக வாசித்துக்கொண்டிருந்தார்.

ஜெஸ்னா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இனி எதுவானாலும் எங்கிட்ட சொல்லுங்க மிக்கேல். இப்பவே ஆரம்பிங்க. ரெண்டு பேரும்."

வாசலில் ஹாரன்.

"சுடலைமணிச் சேட்டா..." அவள் திரும்பாமலே சொன்னாள். "நீங்க கூப்பிட்ட வண்டி வந்தாச்சு. ஜன்னலோர சீட்டு கேட்டுப் பாருங்க."