மாடியிலிருந்து இறங்கிய ஒயர்

"இந்த ஒயர்ல நாம மட்டும்தான் அப்பாகிட்ட போவோமாண்ணா? அப்பாவும் இங்க வருவாரா?"

மாடிவீட்டு வீணா ஒருநாள் கேட்டாள். ஏழு வயது. இன்டர்நெட்டில் அப்பாவைப் பார்த்துப் பேச அந்த ஒயரைத் தன் சிவப்பு ரிப்பனில் கட்டி, மாடி ஜன்னலிலிருந்து கீழ்வீட்டுக்கு இறக்கியதே அவள்தான். அந்த வீட்டுக் கவியரசன் சிரித்தான்.

"போகலாம், வரலாம். ரெண்டும்தான்."

"அப்ப சீக்கிரம் போட்டுக் குடுங்க. ஒரு ஆரஞ்சு மிட்டாய் தரேன்."

அடுத்த வாரம் என்றான். அதற்கடுத்த வாரம் என்றான். அதற்குள் காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. அந்த ரிப்பனைப் பின்னலில் கட்டித்தான் அனுப்பிவைத்தார்கள். மஸ்கட்டில் இருந்த அவள் அப்பா ரவிக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் முகத்தைக் கடைசியாகக்கூட அவர் பார்க்கவில்லை.

குழந்தைக்குக் கொடுத்த வாக்கு சாமிக்கு நேர்ந்துகொண்டது மாதிரி. கேட்க ஆள் இல்லை என்பதால் அது தீர்ந்துவிடாது. ஆனேக்கலில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த வீணாவின் அம்மா சந்திரம்மா, "நானாவது அவரு முகத்தப் பாக்கணும் கவி" என்று போனில் சொன்னபோது, அன்று சாயங்காலமே அவன் வேலையில் உட்கார்ந்துவிட்டான்.

அவர்கள் குடியிருந்த ஈஜிபுரா முழுவதும் மழை. பக்கத்துச் சந்தில் சாக்கடை நிரம்பி, ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து இரண்டாவது நெட்வொர்க் கார்டைப் பொருத்தினான். ஒரு கார்டில் இன்டர்நெட் ஒயர், மற்றதில் மாடி ஒயர். திரையில் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஒன்றாக இணைக்கும் கட்டளையைக் கொடுத்தான். இனி இரண்டும் ஒரே வழி.

மாடி ஒயர் செருகிய கார்டில் பச்சை விளக்கு எரிந்தது. பிறகு படபடவென்று துடித்தது.

மாடியில் யாரும் இல்லை. மெயின் சுவிட்சை அணைத்து வீட்டைப் பூட்டியது அவனே. சாவி எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மழையில் ஏதோ கோளாறு என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, சோதித்துப் பார்க்க மெசஞ்சரில் ரவியைக் கூப்பிட்டான். படம் விட்டு விட்டு வந்தது. மஸ்கட் அறை, இரும்புக் கட்டில், சுழல்நாற்காலியில் ரவி. அவர் கண் எதிரே பார்க்கவில்லை. எங்கோ கீழே, ஒரு குழந்தையின் உயரத்தில் இருந்தது.

"ரவிண்ணா, நான் கவி. கேக்குதா?"

"கொஞ்சம் இருப்பா" என்றார் ரவி. கண்ணீரோடு சிரித்தார். "பாப்பா பேசிட்டிருக்கா."

கவியரசன் கந்தா, கந்தா என்று நெஞ்சுக்குள் சொல்லியபடி மாடி ஒயரைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது.

"எங்கடா போனா?" ரவி திரையை இரு கைகளாலும் பிடித்து உலுக்கினார். "கவி! இப்பதானடா வந்தா! உன் கால்ல விழறேன், கூப்பிடுடா!"

அந்த அழுகையை எந்த மனிதனால் தாங்க முடியும்? பிடுங்கியே வைக்கவும் முடியவில்லை, செருகவும் துணிவில்லை. யாரும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு செருகினான்.

விளக்கு துடித்தது.

"வரேன் கண்ணு" என்றார் ரவி. "அப்பா வந்துட்டேன்."

திரையில் நாற்காலி மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. மெல்ல நின்றது.

தலைக்கு மேலே கொலுசுச் சத்தம். பூட்டிய வீட்டில். கூடத்திலிருந்து ஜன்னல் வரை. அதன் பக்கத்திலேயே, கனமாக, ஒரு ஆணின் காலடி.

சாவி ஆணியில்தான் இருந்தது.

கவியரசன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

மாடி ஜன்னல் திறந்தது. மழைக்குள் ஏதோ மெதுவாக இறங்கியது. அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றது. சிவப்பு ரிப்பன். அதன் நுனியில், முடிச்சுப் போட்டுக் கட்டிய ஒரு ஆரஞ்சு மிட்டாய்.