பழக்கி

சோபாவில் யாரும் இல்லை. ஆனால் சோபா இருமியது.

"ஏம்புள்ள, இங்கதான உக்காந்திருக்கறன். எம்மேலயே துணியக் கொட்டுற?"

ஷர்மிளா பதறிப்போய்த் துவைத்த துணிகளை அள்ளினாள். குரல் அவள் கணவர் சிவப்பிரகாஷுடையது. ஆளைத்தான் காணோம். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் சோபாவின் பச்சை உறை சுருக்கமில்லாமல் கிடந்தது.

"கண்ணு இன்னும் தெளியலீங்க" என்று சமாளித்தாள்.

அது பாதி உண்மைதான். பொள்ளாச்சியில் கண்புரை அறுவை முடிந்ததும், பார்வையின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு நிழல் வந்து நின்றுகொண்டது. தெருவிளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வளையங்கள். முன்பெல்லாம் "போகப்போகப் பழகிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இப்போது அதற்கும் பழக்கி என்ற கருவி வந்துவிட்டது. கடுகளவுதான், காதுக்குப் பின்னால் பொருத்துவார்கள். எதைப் பார்த்து நெற்றி சுருங்குகிறதோ, அதைத் தொல்லை என்று குறித்துக்கொள்ளும். திரும்பத் திரும்பச் சுருங்கினால், அதைப் பார்க்காதே என்று மூளைக்குச் சொல்லிக்கொடுத்து, அக்கம்பக்கத்தில் தெரிவதைக் கொண்டே அந்த இடத்தை நிரப்பிவிடும்.

ஒரே வாரத்தில் வளையமும் போனது, பிறையும் போனது. ஷர்மிளாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்புறம் சமையலறைச் சுவரின் ஈரக்கறை போனது. எதிர்வீட்டு நாய் போனது, குரைப்பு மட்டும் மிச்சம். அதன்பிறகு இவர்.

இந்த மனிதர்மேல் இத்தனை தடவையா முகம் சுளித்தோம்? அவளுக்கு வெட்கமாக இருந்தது. டீயில் சர்க்கரை பத்தவில்லை, ஃபேனை ஏன் அணைத்தாய் என்று ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார். அதற்காக ஆளே வேண்டாம் என்று அவள் நினைத்ததில்லையே. இல்லை, நினைத்தாளா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

பழக்கியைப் பொருத்திவிட்ட டாக்டர் யாழினியிடம் போனாள்.

"இதக் கழட்டிடுங்க டாக்டர். எங்க வீட்டுக்காரர் மொகமே தெரீல."

"கழட்டினா வளையம், நிழல் எல்லாம் திரும்ப வந்துரும்மா."

"வந்தா வரட்டுமுங்க. எனக்கு அவரு மொகம் வேணும்."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "நானே வெச்சிருக்கேன்" என்று தன் காதுக்குப் பின்னால் தொட்டுக்காட்டினார். "எங்கிட்ட வர்ற யாருமே இப்படிப் புகார் சொன்னதில்ல. ஒரு வாரம் பாருங்க."

மறுவாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். ஒவ்வொரு தடவையும் அதே நெற்றிச் சுருக்கம், அதே பதில்.

இந்தமுறை சிவப்பிரகாஷ் பிடிவாதமாகக் கூடவே கிளம்பிவிட்டார். பஸ்ஸில் வேறு வழியில்லாமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அத்தன தொல்லையாவா புள்ள இருந்தேன்?" என்றார்.

கேலியாகக் கேட்கிறாரா, நொந்துபோய்க் கேட்கிறாரா? முகத்தைப் பார்த்தால்தானே தெரியும். பக்கத்து சீட் காலியாக இருந்தது. ஷர்மிளாவுக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரின் அறையில் அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த நாற்காலி தானாக நகர்ந்து கிறீச்சிட்டது. டாக்டர் நிமிர்ந்து, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க சார். தனியாவா வந்தீங்க?"

"என்னங்க டாக்டர் இப்படிக் கேக்கறீங்க? என்ற சம்சாரம் பக்கத்துலயே உக்காந்திருக்கறாளே. இவளுக்குத்தானுங்க அந்தப் பழக்கியக் கழட்டோணும்."

டாக்டர் ஷர்மிளாவின் பக்கம் பார்த்தார். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த நாற்காலிச் சாய்வை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிவப்பிரகாஷின் பக்கம் திரும்பி, நெற்றியைச் சுருக்கினார்.